முற்றத்துக்கு ஏற்றது கிறிஸ்துமஸ் மரமா, லோஹான் மரமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



வழக்கமாகக் கேள்வி கேட்கும் நாற்காலியில் இருப்பவள் நான். இன்று பதில் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் தாவரவியல் படித்தவள் அல்ல. ஆனால் ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மரமும் அந்தப் பக்கம் ஒரு மரமும் வளர்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அந்த ஒரு தகுதியோடுதான் பேச வந்திருக்கிறேன்.

1995ஆம் ஆண்டு. தோட்டத்து லயத்தை விட்டு தாமான் வீட்டுக்குக் குடிவந்த புதிது. இருபது அடி அகலமுள்ள வரிசை வீடு. அந்த டிசம்பர் மாதம் சாலையோரச் செடிக்கடையில் இருந்து அப்பா ஒரு சட்டிச் செடியை வாங்கி வந்தார். என் முழங்கால் உயரம்தான் இருக்கும். தட்டுத் தட்டாய்க் கிளைகள், பார்க்க அவ்வளவு அழகு. ஊரில் எல்லாரும் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். மாதம் முடிந்ததும் அப்பா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டி அதை நட்டுவிட்டார். "உசுருள்ளதைச் சட்டியில் அடைச்சு வைக்கலாமா? பாவம்" என்றார்.

அதே சமயத்தில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளும் தம் கேட்டருகே ஒரு செடி வைத்தார். அது லோஹான். வாசலில் அந்த மரம் இருந்தால் வீட்டுக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பா நட்டதைப் பார்த்து, "தம்பி, இது ரொம்பப் பெரிசாகும்" என்று மலாயில் சொன்னார். அப்பா சிரித்தார். வளர்வதற்குத்தானே நடுகிறோம் என்று நினைத்திருப்பார்.

இரண்டும் ஒரே இனமா?

இரண்டும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை. இரண்டும் ஊசியிலை மரங்கள் என்ற பெரும் பிரிவில் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் இரண்டையும் பைன் என்று அழைப்பார்கள். ஆனால் உண்மையில் இரண்டும் பைன் குடும்பம் அல்ல; இரண்டுக்கும் தனித்தனிக் குடும்பம். நம் வீட்டு ஆட்களைப் போலத்தான், தூரத்து உறவு, குணம் வேறு.

கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் சொல்வது அரோக்கேரியா. நார்போக் தீவுப் பைன் என்ற பெயரில் விற்பார்கள். அந்தத் தீவு ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கிறது. அதன் கொடியிலேயே இந்த மரம் உண்டு. 1774இல் கேப்டன் ஜேம்ஸ் குக் அந்தத் தீவைக் கண்டபோது, நெட்டநெடுகென நின்ற இந்த மரங்களைப் பார்த்து, கப்பலுக்குப் பாய்மரமாக உதவும் என்று எண்ணினார். பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்த வேலைக்கு இது உறுதி போதாது என்று தெரிந்தது. கப்பலுக்குப் பாய்மரமாக்கலாம் என்று நினைத்த மரத்தைத்தான் நாம் இருபது அடி வீட்டு வாசலில் வைக்கிறோம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வெப்ப நாடுகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி, உண்மையில் நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன் என்ற அதன் சகோதர இனம். இளமையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: இடம் கிடைத்தால் 50, 60 மீட்டர் வரை போகும்.

லோஹான் தென்சீனத்தையும் ஜப்பானையும் தாயகமாகக் கொண்டது. போடோகார்ப்பஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். பச்சை விதைக்குக் கீழே சிவந்த சதைப்பகுதி இருக்கும். பார்ப்பதற்கு மொட்டைத் தலையோடு காவியுடுத்திய துறவி போலத் தெரியும். புத்தரின் சீடர்களைக் குறிக்கும் லோஹான் என்ற பெயர் அதனால் வந்தது. ஜப்பானில் சிபா மாநிலத்தின் மரம் இதுவே. இதன் நெருங்கிய உறவான ஓர் இனம் நம் மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரங்களில் இயற்கையாகவே வளர்கிறது. ஆகவே இந்தக் குடும்பத்துக்கு நம் வெயிலும் மழையும் புதிதல்ல.

வெட்டினால் துளிர்க்கும், வெட்டினால் கெடும்

அன்பர்களே, இந்த இரண்டு மரங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உயரம் அல்ல. கத்தரிக்கோலுக்கு அவை சொல்லும் பதில்தான்.

லோஹானை வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேலியாக்கலாம், உருண்டையாக்கலாம், சட்டியில் போன்சாயாக வளர்க்கலாம். இயற்கையில் 15, 20 மீட்டர் போகக்கூடியதுதான். ஆனால் மெதுவாக வளரும். நாம் சொன்ன உயரத்தில் நிற்கும்.

அரோக்கேரியாவின் உச்சிக் குருத்தை வெட்டினால் அதன் அழகே போய்விடும். பக்கத்தில் புதுக் குருத்து கிளம்பி, கோணல்மாணலாகப் போகும். கீழ்க்கிளை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுகிளை வராது. பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது நிமிர்ந்து வளராமல் படுக்கையாகவே வளரும். அதாவது, இந்த மரத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளக் கத்தரிக்கோலால் முடியாது. சட்டி ஒன்றால்தான் முடியும்.

இது அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பா 2009இல் தவறிவிட்டார். அதன் பிறகு அந்த மரம் அம்மாவுக்கு வெறும் மரமாக இருக்கவில்லை. காலையில் கோலம் போட்டுவிட்டு அதன் அடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். அதற்குத் தண்ணீர் தேவையே இல்லை. வேர் எங்கோ போய்விட்டது. ஆனாலும் ஊற்றுவார். மரம் இரட்டை மாடியைத் தாண்டி மின்கம்பிக்கு மேலே போய்விட்டது. உதிரும் சுள்ளிகள் கூரைத் தகரத்திலும் கால்வாயிலும் அடைத்துக்கொண்டன.

2016இல் ஒரு மாலைப் புயல்மழை. கிளை ஒன்று முறிந்து வேலியைத் தாண்டி அங்கிளின் கார் மீது விழுந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "கார் போனால் போகட்டும். உன் அம்மா தினமும் அதன் அடியில் நிற்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

மரம் வெட்டுவதும் நினைத்தவுடன் ஆகிற காரியமில்லை. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட உள்ளூர் அதிகார மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நம் சொந்த நிலத்தில் நின்றாலும் இதுதான் விதி. பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள்.

அனுமதி வாங்கி, ஆள் வைத்து, உச்சியில் இருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். அம்மா அன்று காலையிலேயே சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பொழுது சாய்ந்து திரும்பி வந்தவர், வாசலில் நின்று வெற்று வானத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பல மாதங்கள் கழித்து, பேச்சோடு பேச்சாக ஒரு நாள் சொன்னார்: "மரத்து மேல தப்பில்ல. உங்கப்பா மேலயும் தப்பில்ல. வச்ச இடம்தான் தப்பு."

வேலிக்கு அந்தப் பக்கம் அங்கிளின் லோஹான் நின்றது. அதுவும் அதே வயதுதான். என் தோள் உயரம்தான் இருந்தது.

எதை, எங்கே, எப்படி?

ஆகவே என் தீர்ப்பு இதுதான். சின்ன முற்றத்தில் மண்ணில் நட லோஹான். அரோக்கேரியா வேண்டுமென்றால் சட்டியில் வையுங்கள். அதை மண்ணில் நடத்தான் வேண்டுமென்றால், கட்டடமும் கம்பியும் அருகில் இல்லாத திடலிலோ பெரிய கோயில் வளாகத்திலோ நடுங்கள். அங்கே அது அரசன்.

சட்டியில் வளர்ப்போருக்கு: வாங்கும்போது தண்டுகளை எண்ணிப் பாருங்கள். அடர்த்தியாகத் தெரிய ஒரே சட்டியில் மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். ஒரு பக்கமே சாயாமல் இருக்க வாரம் ஒருமுறை சட்டியைச் சற்றுத் திருப்புங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மண் அடிக்கடி முற்றிலும் காய்ந்தால் கீழ்க்கிளைகள் பழுத்துப் போகும், போனது வராது.

லோஹான் வைப்போருக்கு: வெயில் படும் இடம் நல்லது, அரை நிழலும் தாங்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். களிமண் என்றால் மேடாக்கி நடுங்கள். கால்வாயை ஒட்டி வைக்காதீர்கள். ஒரேயடியாக மொட்டையடிக்காமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள். இளந்துளிரில் வெண்பொடி பூத்த பூச்சிகள் மொய்த்து, இலை கரி பூசியது போலானால் பயப்பட வேண்டாம். அது அசுவினி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மெல்லிய சவர்க்கார நீரைத் தெளித்தால் அடங்கும். விதையைப் பிள்ளைகளும் வீட்டு நாயும் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்கு ஆகாது.

நேயர்களே, செடிக்கடையில் நாம் பார்ப்பது ஒரு குழந்தையை. இருபது ஆண்டு கழித்து அது யாராக நிற்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். ஆசையாக நட்டதை நாமே வெட்டுவது, நடாமல் இருப்பதைவிட வலிக்கும்.

எங்கள் வாசலில் இப்போது ஒரு லோஹான் நிற்கிறது. அங்கிள் தம் மரத்தில் கத்தரித்த கொம்பை வேர்பிடிக்க வைத்துக் கொடுத்தது. போர்ட்டிக்கோவில் ஒரு சட்டியில் கிறிஸ்துமஸ் மரமும் இருக்கிறது. அதை வாங்கி வந்தது அம்மாதான். காலையில் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வருவார். இப்போது மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.