டீ கிளாஸில் ஒரு வெப்பக் கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வெளியே டீ தயாராக இருக்கிறது. ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன். அந்த டீயிலிருந்தே தொடங்குகிறேன்.

100 மில்லி டீ, 80 டிகிரி சூடு. குடிக்க 60 டிகிரி போதும். எடுக்க வேண்டிய வெப்பம் 2000 கலோரி. 30 டிகிரி பச்சைத் தண்ணீர் ஊற்றினால் 67 மில்லி வேண்டும். அப்புறம் அது டீயே இல்லை! ஐஸ் போட்டால்? ஒரு கிராம் ஐஸ் உருகவே 80 கலோரி இழுக்கும். உருகிய தண்ணீர் 60 டிகிரிக்கு ஏற இன்னொரு 60 கலோரி. ஆக 14 கிராம் போதும். ஆனாலும் அந்தத் தண்ணீரும் டீயில்தான் கலக்கிறது. நம் வீட்டு டபரா செட்டோ எதையும் கலக்காமலே ஆற்றிவிடுகிறது.

கலந்து ஆற்றுவதா, கலக்காமல் ஆற்றுவதா? திருப்பூர் சாயப்பட்டறையிலும் இதே கேள்விதான்.

சாயம் ஏற்றிய பனியன் துணியை 90 டிகிரிக்கு மேல் சோப்புத் தண்ணீரில் அலசுகிறோம். பிறகு அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். ஆர்.ஓ. மெம்பரேன் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் தாங்காது. 90 டிகிரியில் உள்ள 1000 லிட்டரை, 30 டிகிரித் தண்ணீர் கலந்தே 40க்குக் கொண்டுவர 5000 லிட்டர் வேண்டும். 1000 லிட்டர் கழிவு 6000 லிட்டர் ஆகிவிடுகிறது!

நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நமக்குத் தெரியும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிலையில், கலந்த ஒவ்வொரு லிட்டரையும் நாமேதான் காசு கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

வெப்பப் பரிமாற்றியில் இரண்டு தண்ணீரும் தகட்டின் இருபுறமும் எதிரெதிராக ஓடுகின்றன, கலப்பதில்லை. 1000 லிட்டர் கழிவு 40 டிகிரிக்கு இறங்கும்போது, 1000 லிட்டர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரிக்கு ஏறி அடுத்த லாட்டுக்குத் தயாராகிவிடும். மிச்சம் 50,000 கிலோ கலோரி. விறகுக்குக் கிலோவுக்கு 3500 கிலோ கலோரி, பாய்லர் திறன் 65 சதவீதம் என்று வைத்தால், சுமார் 22 கிலோ விறகு.

ஒரு எச்சரிக்கை: துணியிலிருந்து வரும் பஞ்சு தகடுகளை அடைத்துவிடும். முன்னால் ஃபில்டர் வையுங்கள், தவறாமல் கழுவுங்கள்.

மாணவத் தம்பி, தங்கைகளே! தேர்வுக்காகப் படிக்கும் வெப்பச் சமன்பாட்டை ஹாலோடு விட்டுவிடாதீர்கள். ஆற்றுக்கும் முதலாளிக்கும் ஒரே சமயத்தில் லாபம் தரும் கணக்கு அது. சரி, டீ ஆறுவதற்குள் போகலாம்!