மனை வாங்கும் முன் பழைய பதிவேட்டைப் பாருங்கள்

(படவேட்டில் இளைஞர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு, மனை வாங்குவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் பத்திரம், பட்டா என்று என்ன பேச்சு என்று ஒருவர் கேட்டாராம். சாதி எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால் நாம் கையை நீட்டியே காட்டிவிடலாம்: ஊர் இந்தப் பக்கம், காலனி அந்தப் பக்கம். ஒரே மண், ஒரே தண்ணீர், நடுவில் ஒரு சாலை. ஆனால் சென்ட் விலை வேறு. புரோக்கர் "நல்ல ஏரியா சார், எல்லாம் நம்ம ஆளுங்க" என்கிறார். அதற்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினராகப் பார்சிகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிய நிபந்தனையை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

நம் ஊரில் பத்திரத்தில் எழுதவே தேவையில்லை. "நேத்துதான் வித்துப்போச்சு" என்றால் முடிந்தது.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். ஆரணிப் பக்கம் பட்டுத் தறி ஓட்டுகிற குடும்பங்களுக்கு வீடு என்பது தூங்குகிற இடம் மட்டுமல்ல, தொழிற்கூடமும் அதுதான். குழித்தறி போட நீளமான கூடம் வேண்டும். வாடகை வீட்டில் தரையைத் தோண்ட யார் விடுவார்கள்? அதனால்தான் நெசவாளர் சொந்த மனைக்கு அலைகிறார். சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். தவணை முறை மனைக்காரரிடம் மாட்டிக்கொள்கிறார். விவசாயக் கூலியின் பிள்ளை சென்னையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்துக்கும் இதே கதிதான். குலுக்கலில் தங்கக் காசு தருகிறார்கள், வேனில் அழைத்துப்போய் பிரியாணி போடுகிறார்கள். மூலப் பத்திரம் கேட்டால் மட்டும் "அப்புறம் தருகிறோம்" என்கிறார்கள்.

அந்த "அப்புறம்" என்பதற்குள் ஒளிந்திருப்பது பல நேரம் பஞ்சமி நிலம்.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததால்தான் இவர்கள் அடிமைகளாக இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892-இல் அரசாணை வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டவை 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நிபந்தனை இதுதான்: முதல் 10 ஆண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நிலம் இன்று யாரிடம் இருக்கிறது? ஐம்பது ரூபாய்க் கடனுக்கும் அரை மூட்டை நெல்லுக்கும் கைநாட்டு வாங்கியவர்களின் பேரன்களிடம் நிறைய இருக்கிறது. அதை மீட்கத்தான் 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் மக்கள் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். நாம் வாங்கப் போகிற 30க்கு 40 மனை அப்படிப்பட்ட நிலத்தில் இருக்கலாம்.

"நிபந்தனை இருந்தால் பட்டாவிலேயே தெரியுமே" என்பீர்கள். தெரியாது. 1979 தொடங்கி 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று சொல்வார்களே, அதுதான். அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயரில் பட்டா ஏறிய இடங்களில், "நிபந்தனை" என்ற ஒரு சொல் புதிய பதிவேட்டுக்கு வராமலே போன நிலங்கள் உண்டு. அதனால் இன்று கணினியில் எடுக்கிற பட்டாவும் சிட்டாவும் சுத்தமாக இருக்கும். வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கும். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். அரசு என்ன நிபந்தனையில் கொடுத்தது என்று அது சொல்லாது. வங்கி கடன் கொடுத்துவிட்டது, சார்பதிவாளர் பதிந்துவிட்டார் என்பதும் நிலம் நல்ல நிலம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. இன்றைய சர்வே எண்ணை வைத்து, அதன் பழைய எண் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பிறகு யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். செட்டில்மென்ட் காலப் பதிவேடும் கிடைத்தால் இன்னும் நல்லது. குறிப்புக் கட்டத்தில் "டி.சி.", "கண்டிஷன்", "ஒப்படை" என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நில்லுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலுத்தி எழுதிக் கேளுங்கள். ஊரில் வயதான ஒருவரிடம் "இந்த நிலம் முன்னே யார் பயிர் வைத்தது?" என்றும் கேளுங்கள். வக்கீலுக்குக் கிடைக்காத பதில் சில நேரம் திண்ணையில் கிடைக்கும்.

போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: சாதியைச் சொல்லி நிலத்தை விற்கக் கூடாது என்கிற நிபந்தனையே சாதிப் பாகுபாடு ஆகாதா? நல்ல கேள்வி. அமெரிக்கப் பத்திரத்து நிபந்தனை, இருப்பவன் இல்லாதவனை உள்ளே விடாமல் தடுக்கப் போட்டது. பஞ்சமி நிபந்தனை, இல்லாதவனிடம் கொடுத்த ஒன்றை இருப்பவன் பிடுங்காமல் தடுக்கப் போட்டது. பூட்டு ஒன்றுபோலத் தெரியும். யார் வீட்டில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பக்கம் கோவில்களும் அதிகம், கோவில் நிலமும் உண்டு. 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டப்படி ஆணையர் அனுமதியில்லாமல் கோவில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நான்கு தலைமுறையாகக் குடியிருந்தாலும் குடியிருப்பவரால் அதை விற்க முடியாது. விவசாய நிலத்தைக் கல் நட்டுப் பிரித்து விற்கிறார்களா, நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் அனுமதி ஆகாது.

பூர்வீகச் சொத்து வாங்கினால் அந்த வீட்டுப் பெண்களின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சட்டம் இங்கே 1989-இல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்பே மணமான பெண்களை விட்டுவிட்டு. 2005 திருத்தம் அவர்களையும் சேர்த்தது. "அக்காவுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பிட்டோம்" என்பது சட்டத்தில் விடுதலைப் பத்திரம் ஆகாது. நாளைக்கு அந்த அக்கா வழக்குப் போட்டால் நியாயம் அவர் பக்கம்தான். நீங்கள் வாங்குவதையும் பெண் பெயரில் பதியலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 10 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 90,000 வரும் இடத்தில் 80,000 வரும்.

பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் வாங்காமல் வந்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிவேட்டு நகலை வைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். உரியவர் குடும்பம் அதே ஊரில், காலனியில், புறம்போக்கில் குடிசை போட்டு இருக்கலாம்.

பழைய பதிவேட்டு நகல் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். "நாளைக்கு விலை ஏறிடும்" என்பார்கள். ஏறட்டும். பத்திரங்கள் கொண்டுவந்திருப்பவர்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.