எட்டுப் பேரையும் எண்ணுவோம்!

(பொம்மிடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்டின் தலைவிதியை வாக்குச்சீட்டில் எழுதச் சொன்னால் ஊர் ஒரே குரலில் பேசுமா? பேசாது! அண்ணன் 'ஆம்' என்பான், தம்பி 'வேண்டாம்' என்பான், திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தையோ, "என் ஓய்வூதியம் என்னாகும்?" என்று கேட்பார். அந்தத் தந்தைக்கு விடை சொல்லத் தெரிந்தவனே தொண்டன்!

நெடுந்தொலைவு போகவேண்டாம், புதுச்சேரியைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மக்களே வாக்களித்துத் தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யலாமென்று 1948 ஜூனில் இரு அரசுகளும் ஒப்பின. சந்திரநாகூர் 1949 ஜூன் 19இல் வாக்களித்தது. இந்தியாவோடு இணைய 7,473 பேர். எதிர்த்து 114 பேர். புதுச்சேரிக்கோ அந்த நாள் வரவேயில்லை. வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்பதில் அரசுகள் ஒத்துப்போகவில்லை, மக்களும் ஒருமனப்படவில்லை.

ஏன்? 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அந்தக் குருதியைக் கண்டவனுக்கு விடுதலை உயிர்மூச்சு! பிரெஞ்சுப் படையில் உழைத்து ஓய்ந்தவர் — 'சொல்தா' என்பார்களே புதுவையில் — அவருக்கோ மாதந்தோறும் வரும் பணமே அடுப்பெரிக்கும் விறகு. இருவரும் தமிழர், ஒரே தெருவினர். இவர்களுள் எவரைத் துரோகி என்பீர்கள்?

மனம் மாறாதா? மாறும்! பிரெஞ்சு ஆட்சிக்குத் துணைநின்ற குபேர், 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இணைப்புக்கு 170 பேர். எதிர்த்து 8 பேர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது.

170ஐக் கொண்டாடுகிறோம், சரி. அந்த எட்டு? எட்டுப் பேரின் ஐயம் எட்டு வீட்டோடு நின்றுவிடவில்லை, தோழர்களே! 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கை, மக்களின் விருப்பமறிந்தே புதுச்சேரியின் தனிநிலையை மாற்றலாமென்றது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் அதையே தேர்ந்துகொள்ள வழி விட்டது. வென்றவன் தோற்றவனுக்குத் தந்த உறுதிமொழி அது! 1979இல் அண்டை மாநிலத்தோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது புதுச்சேரி கொதித்தெழுந்ததே, ஏன்? தன்னைக் கேளாமல் தன் விதியை எழுதுவதா என்ற சினம்!

கடல் கடந்தும் இதே பாடந்தான். 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து மக்கள், தனிநாடு வேண்டுமா என்று வாக்களித்தனர். 16 வயதினருக்கும் வாக்குரிமை. நூற்றுக்கு 84 பேருக்கு மேல் வாக்களித்தனர். 'ஆம்' 44.7 விழுக்காடு, 'வேண்டாம்' 55.3. முதியோரிற் பெரும்பாலோர் வேண்டாமென்றனர். எந்த நாணயம் வழங்கும், ஓய்வூதியத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அவர்களை வாட்டின. முழக்கம் வானைத் தொட்டது. கிழவரின் கவலையைத் தொடவில்லை!

எனவே, தொண்டனே, வாக்குக் கேட்டுப் போகுமுன் காது கொடுத்துப் போ! நம்மவன் வீட்டில் நாழிகைக் கணக்கில் பேசுகிறாய். மாற்றான் வாயிலில் ஒரு நொடியேனும் நில். "ஏன் அஞ்சுகிறீர்?" என்று கேள். ஏசினால் அந்த எட்டு எண்பதாகும். கேட்டால் நாளைக்கு நம்மோடு நடக்கும்.

எண்ணிக்கையில் வெல்வது ஒருநாள் வேலை. எதிர்த்தவனும் "இது என் நாடு" என்று சொல்லும்படி வாழவைப்பதே விடுதலை!