சமணர் என்னும் சொல்
(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சிம்மக்கல்லில் ஆற்றிய உரை)



இன்று ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே பேச விழைகின்றேன். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமணர் வாழ்ந்தனர் என்று வகுப்பில் கற்பிக்கின்றோம். சமணர் என்றால் என்ன பொருள் என்று மாணவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

வடமொழியில் 'ச்ரம்' என்னும் வேருக்கு உழைத்தல், வருந்தி முயலுதல் என்று பொருள். நாம் அன்றாடம் வழங்கும் 'சிரமம்' அவ்வேரில் பிறந்ததே. ச்ரமணன் என்பான் தன் முயற்சியால் வீடுபேறு தேடுபவன். பிறப்பால் அப்பெயர் எவர்க்கும் வாய்ப்பதில்லை. பிராகிருதத்தில் 'சமணன்' ஆகிய இச்சொல், பௌத்தர், ஆசீவகர், அருகர் ஆகிய முத்திறத்துத் துறவியர்க்கும் பொதுவாக இருந்தது. தமிழ்நாட்டில்தான் அருகர்க்கே உரியதாகச் சுருங்கிற்று. முதலெழுத்தை இழந்து 'அமணன்' என்றும் வழங்கிற்று. கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டில் அவ்வடிவைக் காணலாம்.

துறவியரைப் பேணிய இல்லறத்தார்க்குச் சாவகர் என்று பெயர். கேட்பவர் என்பது அதன் பொருள். மதுரைக்காஞ்சி அவர்களைக் குறிப்பிடுகின்றது. மாங்குளத்துக் குன்றில் கணிநந்தர் என்னும் ஆசிரியர்க்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தான். வெள்ளறை வணிகர் குழுவினரும் அங்குக் கொடை அளித்துள்ளனர். ஏறத்தாழ 2200 ஆண்டுகட்கு முந்தைய செய்தி இது.

அத்துணை மதிப்புடைய பெயர் பின்னர் என்னாயிற்று? எண்பெருங்குன்றத்து எண்ணாயிரவர் கழுவேறியதாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறுகின்றது. அது நடந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயர் கழுவேறியதில் ஐயமில்லை! ஆடை துறந்த துறவியரின் பெயராகிய அமணம், இன்று தெருவில் 'அம்மணம்' என்று இழிபொருளில் வழங்குகின்றது.

இதனை நம்மிடையே சொல்வதற்குக் காரணம் உண்டு. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளே குடிகள் எனப் பெருமிதத்தோடு சொன்னது புறநானூற்றின் 335 ஆம் பாடல். அந்நான்கினுள் ஒரு பெயரைச் சொல்லி நம் பிள்ளைகளை இன்றும் சிலர் ஏசுகின்றனர். ஏச்சைக் கேட்டு அழுது வரும் பிள்ளையிடம் "பொறுத்துக்கொள்" என்கிறோம். அப்பாடலை எடுத்துப் படித்துக் காட்டும் ஆசிரியர் எத்தனை பேர்?

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் விடுதி மாணவர்களைக் கீழக்குயில்குடிச் சமணமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்றைய உணவுச் செலவு என்னுடையது.