சூரிய கிரகணமும் கண்ணின் க்ஷேமமும்



2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலை, நம் காரைக்குடிச் சீமையில் சூரியன் பொன் வளையம்போல் நின்றதைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். 8 மணிக்குச் சற்றுப் பின் பிடித்த கிரகணம் 11 மணி கடந்தே விட்டது. அதே வளையக் காட்சி 2031-ஆம் வருஷம் மே 21-ஆம் தேதி மதுரை, காரைக்குடி வழியாக மீண்டும் வரவிருக்கின்றது. ஆதலால் இவ்விஷயத்தை இப்பொழுதே பேசுவது தகும்.

கிரகணத்தன்று சூரியனிடத்தில் புதிய விஷம் ஒன்றும் உண்டாவதில்லை. மற்ற நாட்களில் கூச்சத்தால் கண் தானே மூடிக்கொள்ளும். அன்றோ வெளிச்சம் மங்குவதால் கூச்சம் குறைந்து, நாம் விழித்துப் பார்க்கத் துணிகிறோம். மறையாத ஓரமோ முன்போலவே எரிகின்றது. அவ்வொளி கண்ணினுள் குவிந்து, விழித்திரையின் நடுப்பாகத்தை, அதாவது எழுத்துப் படிக்கவும் முகம் அறியவும் உதவும் இடத்தைக் கெடுத்துவிடுகின்றது. வளைய கிரகணத்தில் வெறுங்கண்ணால் பார்க்கத்தக்க க்ஷணம் ஒன்றேனும் இல்லை.

காலில் முள் தைத்தால் உடனே தெரியும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தோ, மறுநாள் காலையிலோதான் பார்வையின் நடுவே கரும்புள்ளி நிற்கும், நேர்கோடு வளைந்து தோன்றும், நிறம் வெளுக்கும். 2017-ஆம் வருஷத்துக் கிரகணத்தைப் பார்த்த நியூயார்க் நகரப் பெண்ணொருத்தியின் விழித்திரையில், அன்றைய சூரியனைப் போலவே பிறை வடிவில் புண் இருந்ததை வைத்தியர்கள் படமெடுத்துக் காட்டினார்கள்.

நம் கிராமங்களில் தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாண நீரோ விட்டு, அதில் சூரியன் நிழலைப் பார்ப்பது வழக்கம். பெரியோர் நல்லெண்ணத்துடன் செய்ததே. ஆயினும் கணக்கு இடங்கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தீங்கில்லாத கண்ணாடி, சூரிய ஒளியில் ஏறக்குறைய 30,000-இல் ஒரு பங்கையே விடவேண்டும். தண்ணீரின் மேற்பரப்போ, சூரியன் உச்சியில் இருக்கும்போதே 100-இல் 2 பங்கைத் திருப்பி அனுப்புகின்றது. சாய்ந்திருக்கையில் இன்னும் அதிகம். அஃதாவது, தகுந்த அளவைப்போல் 600 மடங்கு! நீரில் எதைக் கரைத்தாலும் மேற்பரப்பின் பளபளப்புக் குறையாது. புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி ஆகியவையும் உதவா. தட்டில் உலக்கையை நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்களை நான் தடுக்கமாட்டேன். அவர்கள் கண்ணாவது கீழ்நோக்கி இருக்கின்றது.

சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வீட்டுச் சல்லடையை வெயிலில் பிடித்தால், தரையில் விழும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் கிரகணத்தின் உருவத்தைக் காட்டும். வேப்பமர நிழலிலும் இக்காட்சியைக் காணலாம். நேரே பார்க்க விரும்புவோருக்கு 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோ, ஐ.எஸ்.ஓ. 12312-2 முத்திரையுள்ள கிரகணக் கண்ணாடியோ வேண்டும். சங்கங்கள் இவற்றை மொத்தமாக வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கலாம். கீறல் விழுந்ததைக் கழித்துவிடுக. அதை அணிந்துகொண்டு பைனாகுலர் வழியாகப் பார்க்கலாகாது.

யாருக்கேனும் பார்வை மங்கினால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விடவேண்டாம். நிச்சயமான மருந்து இந்நோய்க்கு இதுவரை இல்லை. சில மாதங்களில் பெரும்பாலோருக்குத் தானே தெளிகின்றது, சிலருக்குக் குறை நின்றுவிடுகின்றது. ஆயினும் வேறு நோய் உண்டா என்றறிய, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ தாமதியாது அழைத்துச் செல்லவும். பிள்ளைகளை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியின் எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பார்த்தால் குறை வீட்டிலேயே வெளிப்படும்.