கொன்றவன் காட்டிய பிறகுதான் பார்த்தோம்



எல் ஃபாஷர் என்று ஓர் ஊர். கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். சரி, இறக்குங்கள். இன்று காலை தங்கம் சவரன் என்ன விலை? பார்த்தீர்களா, கூட்டமே பதில் சொல்கிறது! உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. விடிந்ததும் தங்கத்தின் விலையைப் 'பிரேக்கிங் நியூஸ்' என்று சிவப்புப் பட்டையில் ஓட்டுகிறார்களே, அவர்களைக் கேட்க வந்திருக்கிறேன்.

எல் ஃபாஷர், சூடானின் டார்ஃபூர் பகுதியில் இருக்கிறது. அந்த நாட்டு ராணுவத்துக்குத் தலைவர் புர்ஹான். ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்குத் தலைவர் ஹெமெட்டி. 2021-இல் கைகோத்து ஆட்சியைப் பிடித்த இருவரும் 2023 ஏப்ரல் 15 அன்று ஒருவரோடொருவர் மோதத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

2024 மே மாதம் எல் ஃபாஷரை ஆர்.எஸ்.எஃப். வளைத்தது. பிறகு ஊரைச் சுற்றி மண் கரையே எழுப்பியது. தானியம் உள்ளே போகவில்லை, மருந்து போகவில்லை. ஏறத்தாழ 18 மாதம்! உள்ளே சிக்கிய மக்கள் எதைத் தின்றார்கள் தெரியுமா? கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டிய பிறகு மாட்டுத் தொட்டியில் கரைத்து ஊற்றுகிறோமே, அதே புண்ணாக்கு. ஊர் மக்களே கூடி நடத்திய சமையற்கூடங்களில் அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது.

அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை, தோழர்களே. கிடைத்த இணைப்பில் படம் அனுப்பினார்கள், குரல் அனுப்பினார்கள். நம் கைபேசிக்கு வந்து சேர்ந்ததா? 2025 அக்டோபர் 26 அன்று ஊர் வீழ்ந்தது. கொன்றவர்களே கொலையைப் படம் பிடித்து, சிரித்துக்கொண்டே பரப்பினார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் தரை சிவந்து கிடப்பதைக் காட்டினார்கள். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பட்டினி கிடந்தவனின் படத்துக்குக் கிடைக்காத இடம், சுட்டவனின் படத்துக்குக் கிடைத்தது!

இது தற்செயல் அல்ல. ஃபேஸ்புக்கில் 2017 முதல் சில காலம், கோப முகத்துக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு. அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021-இல் கசிந்தபோது தெரியவந்த சங்கதி இது. பிறகு குறைத்தார்கள். ஆனால், கண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் முன்னே வரும் என்ற தொழில் விதி மாறவில்லை. புண்ணாக்கைப் பார்த்து யாருக்கு ஆவேசம் வரும்?

"எங்கோ ஆப்பிரிக்காவில் நடக்கும் சண்டை, நமக்கென்ன?" என்று ஒரு நண்பர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நமக்கென்னவா? 2009-இல் செய்தியாளர்களை வெளியே நிறுத்திவிட்டு இலங்கை அரசு வன்னியில் போர் நடத்தியது. "உலகம் ஏன் பார்க்கவில்லை?" என்று தெருவில் நின்று கத்தியவர்கள் நாம். அந்த ஆண்டு ஆகஸ்டில், கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சியைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. படையினரே கைபேசியில் எடுத்தது என்றார்கள். போலி என்று இலங்கை அரசு மறுத்தது. அங்கேயும் கொன்றவனின் கைபேசிதான் சாட்சி! அந்த வலியை அறிந்த நமக்கே எல் ஃபாஷர் தெரியவில்லை என்றால், பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

"பார்க்க ஆள் இல்லை ஐயா, போட்டால் டி.ஆர்.பி. விழும்" என்கிறார்கள் தொலைக்காட்சிக்காரர்கள். மாலை ஏழு மணிக்கு நான்கு பேரை உட்கார வைத்துக் கத்தவிடுகிறீர்களே, அதை மட்டும் மக்கள் மனுப் போட்டா கேட்டார்கள்? காட்டிக் காட்டித்தானே பழக்கினீர்கள்!

உலகச் செய்திக்கு உங்களிடம் நேரம் இல்லை. போகட்டும். தங்கத்துக்கு இருக்கிறதே! சூடானில் தோண்டும் தங்கம்தான் இந்தப் போருக்குத் தீனி. அதில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் ஐக்கிய அரபு அமீரகம். ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் தருவதாக அந்த நாட்டின் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. அது மறுக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள், விவாதியுங்கள். முன்வரிசையில் கேமராவோடு நிற்கும் தம்பிகளே, உங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்: நாளைக் காலை சவரன் விலை ஓடும் அதே பட்டையில், அந்தத் தங்கத்துக்காக எந்த ஊர் எரிகிறது என்று ஒரு வரி போடட்டும்.