நாளை என்னவென்று தெரியாத வேளையில்
(செராஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் மூளை பாதிப்புற்றிருக்கிறது என்று கேள்விப்படும் பெற்றோரைப் பற்றி இன்று நாம் பேச விழைகிறோம். அச்செய்தியைக் காட்டிலும் அதனையடுத்து வரும் சொற்களே அவர்களைப் பெரிதும் வாட்டுகின்றன. "குழந்தை நடக்குமா? பேசுமா?" என்று கேட்டால், "இப்பொழுது சொல்ல இயலாது" என்பதே மறுமொழியாகக் கிடைக்கிறது.

மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று ஐயுறுவோர் உண்டு. பெரும்பாலும் அஃது உண்மையன்று. பிறக்கும்போது பிராணவாயு குறைதல், குறைமாதப் பிறப்பு, மூளையில் இரத்தக் கசிவு, கடுமையான மஞ்சட்காமாலை எனக் காரணங்கள் பல. படமெடுத்துப் பார்த்தால் பாதிப்பு எங்கே, எவ்வளவு என்று ஓரளவு தெரியும். ஆனால், ஒரே மாதிரிப் படமுடைய இரு குழந்தைகள் ஒரே மாதிரி வளர்வார்கள் என்பதற்கில்லை. சிசுவின் மூளை வளர்ந்துகொண்டே இருப்பது. பழுதுற்ற பகுதியின் வேலையை மற்றொரு பகுதி ஓரளவு ஏற்றுக்கொள்வதும் உண்டு.

மருத்துவ உலகமும் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பிராணவாயு குறைந்து பிறந்த குழந்தையின் உடலை, 6 மணி நேரத்திற்குள் தொடங்கி 72 மணி நேரம் குளிர்விக்கும் சிகிச்சை மேலைநாடுகளில் நற்பயன் அளித்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்விலோ அப்பயன் காணப்படவில்லை. உயிரிழப்பு கூடவே செய்தது. எனவே, "தெரியாது" என்பது பல வேளைகளில் நேர்மையான சொல்லாகும்.

ரப்பர்க் கன்றை நட்ட அன்றே அது எவ்வளவு பால் தரும் என்று நாம் கூறுவதில்லை. சீவும் பருவம் வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை களையெடுப்பதையும் உரமிடுவதையும் நாம் நிறுத்துகிறோமா? இல்லையே!

ஆகவே, குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் இன்றே அறிய முயல வேண்டாம். "அடுத்த மூன்று மாதங்களில் எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டில் என்ன பயிற்சி தர வேண்டும்?" என்று கேட்போம். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்வோம். மொழி விளங்காவிடில், விளங்கும்வரை கேட்பதில் வெட்கமில்லை.

4 மாதமாகியும் தலை நிற்காமை, 9 மாதமாகியும் தானே உட்காராமை, ஓராண்டு நிறையுமுன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், கைகால் விறைத்தோ துவண்டோ இருத்தல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது தெரிவிக்க வேண்டும். வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒருநாள் சம்பளம் போகிறதே என்று குறித்த நாளைத் தவறவிடுவது பெரும் பிழை. பயிற்சியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நன்மை.

இங்கே செராஸில், பண்டார் துன் ரசாக் பகுதியில், 1997-இல் திறக்கப்பட்ட தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அரசாங்க மறுவாழ்வு மருத்துவமனையும் உள்ளன. தொலைவிலுள்ள தோட்டத்தார் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடலாம். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. குறைபாடு உறுதியானால் சமூகநல இலாகாவில் பதிந்து அட்டை பெறலாம். உடற்குறையுடையோரின் உரிமைகளுக்கென 2008-இல் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது.

இறுதியாக ஒன்று. "கிரகணத்தில் வெளியே போனாள்", "முன்செய்த பாவம்" என்று பெற்றவளைப் பழிப்பது நம்மிடையே இன்னும் மறையவில்லை. புண்பட்ட நெஞ்சில் வேல் பாய்ச்சலாமா? கைக்குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் மாமியாரும், மருத்துவமனைக்கு உடன்வரும் கணவனும், ஒருவேளைச் சோறு கொண்டுவரும் அண்டை வீட்டாருமே அவளுக்கு மருந்து. இரண்டு வாரத்திற்கு மேலாக அவள் உறக்கமின்றி, உணவு வேண்டாது கலங்கியிருந்தால், அதனையும் தாதியிடம் தெரிவிக்க வேண்டும்.

நாளை எப்படி இருக்கும் என்பதை நாம் அறியோம். ஆயினும், இன்று பால் கொடுப்பதும், பயிற்சி அளிப்பதும், பெயர் சொல்லி அழைத்துக் கொஞ்சுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. குழந்தைக்கு இன்று தேவைப்படுவதும் அவையே.